மூன்று விநாடி

மார்ச் 4

தம்பிக்கு,

போனில் கூப்பிடாமல் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். எங்கள் போன்கள் இரண்டும் விசாரணைக்காரர்களிடம் இருக்கின்றன. அத்தானுடைய வக்கீல், "போன்ல எதையும் பேசாதீங்க, மெசேஜும் வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருந்தாலும் மனம் கேட்காமல் மருந்துக் கடைப் போனிலிருந்து உன்னை மூன்று முறை கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்து, "சார் ஷூட்டிங்ல இருக்காரு, நீங்க யாரு?" என்றாள். அவனுடைய அக்கா என்றேன். "எந்த அக்கா?" என்றாள். எனக்குத் தெரிந்து உனக்கு நான் ஒருத்திதான்.

நேற்று உன் எட்டு மணி நிகழ்ச்சியைக் கடையில் வைத்துத்தான் பார்த்தேன். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, கவுன்டரில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். மேஜைமேல் ஒரு மாடல் விமானத்தை வைத்து, விரலால் தள்ளித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கீழே விட்டாய். விழுந்த சத்தம் கடைவரை கேட்டது. அந்த மாடலை எனக்குத் தெரியும். நீ கோ-பைலட் பரீட்சையில் தேறியபோது அத்தான் வாங்கிக் கொடுத்தது. இடது இறக்கையில் பசை போட்டு ஒட்டிய தடம்கூடத் தெரிந்தது. உங்கள் சேனலில் வேறு பொம்மை கிடைக்கவில்லையா?

போன மாதம் அத்தான் மழையில் இறக்கிய விமானம் ரன்வே முடிந்தும் நிற்காமல் சேற்றில் போய் மூக்கைக் குத்தியது உண்மை. நூற்று அறுபது பேரில் ஒரு அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததும் உண்மை. அதைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் பேசு, அது உன் பிழைப்பு. ஆனால் அத்தோடு விட்டாயா? "இதே கேப்டன் ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியும் ரன்வே விளிம்பு வரைக்கும் போய் மூணு டயரை வெடிக்க வெச்சவர். இது விபத்தா, பழக்கமா?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு எங்களையே பார்த்தாய். இருமல் மருந்துக்காக நின்ற ஒருவர், "இவனையெல்லாம் உள்ள தூக்கிப் போடணும்" என்றார். மருந்தை எடுத்துக் கொடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு ஸ்பூன் என்று சொல்லி அனுப்பினேன்.

முப்பதாம் தேதி விசாரணை. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று முந்தின நாளே இன்ஜினியரிடம் சொன்னதாக அத்தான் சொல்கிறார். "எழுதிக் குடுத்தா விமானத்தை நிறுத்தியாகணும் கேப்டன், காலைல பாத்துடறேன்" என்று அந்த ஆள் கெஞ்சியதால் எழுதாமல் விட்டாராம். இப்போது இன்ஜினியர், அப்படி யாரும் எதுவும் சொல்லவில்லை என்று சாதிக்கிறார். ஆக, எல்லாம் அத்தானுடைய வாய்ச்சொல்லை அவர்கள் நம்புவதில்தான் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து நீ நாடு முழுக்க அவர் பேரைக் கெடுக்கிறாய்.

"மாமா எதுக்கும்மா அப்பாவை விழ வெச்சுக் காட்டறாரு?" என்று என் மகள் கேட்டாள். பதில் நீயே எழுது.

அக்கா


மார்ச் 9

என் அன்பு அக்காவுக்கு,

மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்துதான் உன் கடிதத்தைப் படித்தேன். "சார், நெத்தியைச் சுருக்காதீங்க, பவுடர் வெடிக்குது" என்று மேக்கப் போடும் பெண் நாலு தடவை அதட்டினாள். இந்தத் தாளைப் பார்த்துச் சிரிக்காதே. சேனல்காரர்கள் என் மூஞ்சியை மேலே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வேறு தாள் கைவசம் இல்லை.

கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நான் அத்தான் பெயரைச் சொன்னேனா? சொல்லவில்லை. டயர் வெடித்த கதை அவரே கையெழுத்துப் போட்ட அறிக்கையில் இருக்கிறது. அவர் எழுதியதை நான் படித்தேன், அவ்வளவுதான். நான் படிக்காவிட்டால் எதிர் சேனல்காரி படித்திருப்பாள். அவளும் அதே எட்டு மணிக்குத்தான் வருகிறாள், அவளுக்கு ஈவு இரக்கம் கிடையாது. குடும்பத்து ஆள் நான் கையில் எடுத்ததால் இந்த மட்டோடு போயிற்று என்று நினைத்துக்கொள்.

பறப்பதை விட்டுவிட்டு ஏன் இந்தக் கூத்துக்கு வந்தேன் என்று நீ இன்றுவரை கேட்டதில்லை. அத்தானும் கேட்கவில்லை. "சரி, உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். பதினோரு வருடம் காக்பிட்டில் இருந்து அறிவிப்பு சொன்னேன். நூற்று அறுபது பேரும் என் குரலைக் கேட்பார்கள். இறங்கிப் போகும்போது ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்த்ததில்லை, அவரவர் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். அறிவிப்பைச் சுருக்கமாகச் சொல்லும்படி கம்பெனி எனக்கு மெமோ வேறு கொடுத்தது. சின்ன வயதில் அப்பா என்னை ரேடியோ என்று கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? ரேடியோவுக்கு மெமோ கொடுத்தால் என்ன செய்யும்? டிவிக்குப் போய்விட்டது.

நான் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அது திமிர் இல்லை, தொழில். இங்கே முதலில் கற்றுக்கொடுப்பதே அதுதான். கேள்வியை மெதுவாகக் கேட்க வேண்டும். எதிரே இருக்கிறவர் பதில் சொல்லி முடித்ததும் அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. மூன்று விநாடி வாயைத் திறக்காமல் அவர் முகத்தையே பார்க்க வேண்டும். யாராலும் அதைத் தாங்க முடியாது அக்கா. முதலில் சொல்வது ஒப்புக்குச் சொல்வது. அந்த மௌனத்தை நிரப்பச் சொல்வதுதான் நிஜம். மந்திரியிலிருந்து மெக்கானிக்வரை எல்லாரும் இதில் கவிழ்ந்திருக்கிறார்கள்.

மருமகளிடம், மாமா விமானத்தைத்தான் விழ வைத்தார், அப்பாவை இல்லை என்று சொல்.

உன் ரேடியோ


மார்ச் 15

தம்பி,

உன் தாளில் உன் முகம் நன்றாக இருக்கிறது. பல்லையெல்லாம் வரிசை பண்ணிக்கொண்டிருக்கிறாய்.

டயர் வெடித்த அன்றைக்கு அத்தானுக்குப் பக்கத்து இருக்கையில் கோ-பைலட்டாக இருந்தது நீதான். அது எனக்குத் தெரியும். ஓட்டியது யார் என்று மட்டும் நான் கேட்டதே இல்லை. அறிக்கையில் இவர் பெயர் இருந்தது, இவர்தான் என்று நம்பினேன். நீ டிவியில் அதை எடுத்த பிறகு இவரிடம் கேட்டேன். "விடு" என்றார். இரண்டாம் தடவை கேட்டேன். எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டார்.

நீ வேலையை விட்டபோது எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு பெட்டி போட்டுவிட்டுப் போனாயே, அதை இறக்கினேன். யூனிஃபார்ம், தொப்பி, அடியில் உன் லாக்புக்குகள். நான் மருந்துக் கடைக்காரி, எந்தக் கிறுக்கலையும் படித்துவிடுவேன். நீயோ முத்து முத்தாக எழுதியிருக்கிறாய். எந்தப் பயணத்தில் நீ ஓட்டி இறக்கினாயோ அங்கே லேண்டிங் கட்டத்தில் ஒன்று என்று போட்டிருக்கிறாய். கேப்டன் இறக்கிய நாளில் ஒரு கோடு. போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர் என்று நீங்கள் மாற்றி மாற்றி ஓட்டுவீர்கள் என்பது எனக்குத் தெரிந்ததுதான். டயர் வெடித்த தேதியைத் தேடி எடுத்தேன். கட்டத்தில் ஒன்று. பிறகு இவருடைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதே தேதி, அதே விமானம். அதிலும் ஒன்று.

ஒரு விமானத்தை ஒரு ரன்வேயில் இரண்டு பேர் எப்படியடா தனித்தனியாக இறக்கினீர்கள்?

இரண்டு புத்தகத்தையும் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்தேன். அதற்கு மேல் அவரால் மறைக்க முடியவில்லை. "முந்தின மாசம்தான் சோதனைல ஃபெயில் ஆகியிருந்தான். இன்னொரு கரும்புள்ளி விழுந்தா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. நான்தான் ஓட்டினேன்னு எழுதிட்டேன். பழைய கதை" என்றார். அவருக்கு வரவேண்டிய பயிற்சியாளர் பதவி அந்த வருடம் ஏன் வேறொருவருக்குப் போயிற்று என்று இப்போது புரிகிறது. உன்னைக் காப்பாற்ற அவர் எழுதிய பொய்யை எடுத்து அவர் தலையிலேயே போட்டாய். வாய் கூசவில்லையா உனக்கு? அதுவும் அவர் வாங்கிக் கொடுத்த பொம்மையை வைத்துக்கொண்டு!

அறிக்கையில் பொய் எழுதியவர், பாவம், தன் புத்தகத்திலும் அதற்கேற்ற மாதிரி பொய் எழுதிக்கொண்டார். உனக்குத்தான் ஒரு லேண்டிங்கைக்கூட விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. டயரை வெடிக்க வைத்ததையும் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறாய்.

முப்பதாம் தேதிக்குள் விசாரணை அதிகாரிக்கு நீ கைப்பட எழுத வேண்டும். அன்று ஓட்டியது நான், அவர் இல்லை என்று. அவரிடம் சொன்னேன். "வேண்டாம், அது வெளிய வந்தா இன்னும் கெட்டுப்போகும்" என்கிறார். இப்போதும் உன்னைத்தான் பார்க்கிறார். எனக்கு அந்த அளவு பெருந்தன்மை இல்லை.

அக்கா


மார்ச் 17

அக்கா,

கூரியரில் அனுப்புகிறேன், உடனே கிடைக்க வேண்டும் என்று.

நீ எழுதியது அத்தனையும் சரி. சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை. அன்று ஓட்டியது நான். வேகம் அதிகம், தரை தொட்டது பாதி ரன்வே போன பிறகு. இரண்டு இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

ஆனால் விசாரணை அதிகாரிக்குக் கடிதம் எழுதுவதால் என்ன ஆகும் என்று நினைக்கிறாய்? ஒரு ஃபைலில் போட்டுக் கட்டி வைப்பார்கள். உன் கவுன்டரில் நின்ற இருமல்காரர் அதைப் படிக்கப் போகிறாரா? எட்டு மணிக்குப் போன மானம் எட்டு மணிக்குத்தான் திரும்பி வர வேண்டும். நான் நாடே பார்க்கச் சொல்கிறேன். இருபத்தாறாம் தேதி நீ என் நிகழ்ச்சிக்கு வா. லாக்புக்கைக் கொண்டு வா. உன் கையிலிருந்து வாங்கி, நானே அந்தப் பக்கத்தைப் படித்து, நானே சொல்கிறேன். அதற்குப் பிறகு விசாரணையில் எவனும் அத்தானைப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான்.

அவரிடம் இப்போது சொல்லாதே. சொன்னால் வேண்டாம் என்பார், உனக்கே தெரியும். அவரைத் திரையில் இழுக்கவும் வேண்டாம். புருஷனுக்காக ஒரு மனைவி வந்து பேசுவதற்கு ஈடு இல்லை.

இரண்டாவது கேமரா பக்கம் உன்னை உட்கார வைக்கிறேன், அங்கே வெளிச்சம் கண்ணைக் குத்தாது. லாக்புக் மட்டும் மறந்துவிடாதே.

உன் தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

வருகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், மறைப்பானேன். "மாத்திரைக் கணக்கு தப்பாகுது, நீங்க போய் உக்காருங்க" என்று கடை முதலாளியே அனுப்பிவிட்டார். நீ வழி தவறிவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகாவது உனக்குத் தைரியம் வந்ததே.

அவரிடம் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவரிடம் மறைத்துச் செய்யும் முதல் காரியம் இது. பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லப் போகிறேன்.

எந்த நிறத்தில் உடுத்தினால் கேமராவுக்கு நல்லது என்று எழுது. லாக்புக்கைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 28

என் அக்கா, என் ராணி,

என்ன சொல்வேன் உன்னை! போனால் போகிறதென்று இருபது வருடமாக மருந்துக் கடையில் நின்றிருக்கிறாய். நீ இருக்க வேண்டிய இடம் இதுதான்.

ரேட்டிங் வந்துவிட்டது. சேனல் ஆரம்பித்ததிலிருந்து எட்டு மணிக்கு இப்படி ஒரு எண் வந்ததில்லை. எதிர் சேனல்காரி அன்றைக்கு யாருக்காகப் பேசினாள் என்றே தெரியவில்லை, மொத்த ஊரும் நம் பக்கம் இருந்தது. நான் லாக்புக்கைப் படித்து, குரல் உடைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டேனே, அந்த இடத்தை இதுவரை நாற்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். "உண்மை பேசிய விமானி" என்று போட்டிருக்கிறார்கள். சேனல் தலைவர் தானே இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். இனி ஞாயிற்றுக்கிழமையும் எனக்குத் தனி நிகழ்ச்சி.

ஆனால் உச்சம் நீதான். "அப்ப அந்த அறிக்கைல கையெழுத்துப் போட்டது யாரு?" என்று கேட்டேன். "என் வீட்டுக்காரர்" என்றாய். நான் ஒன்றும் பேசவில்லை. நீயாகவே தலையை நிமிர்த்தி, "பொய்னு தெரிஞ்சேதான் போட்டாரு. உன்னைக் காப்பாத்தறதுக்காகப் போட்டாரு" என்றாய். கேமராக்காரர்கூடக் கண்ணைத் துடைத்தார்.

ஒரு சின்ன உதவி. ஞாயிறு நிகழ்ச்சிக்குப் புது செட் போடுகிறார்கள். என் பழைய யூனிஃபார்மைக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டி வைக்க வேண்டுமாம். பரணில் இருப்பதைத் தொப்பியோடு பார்சல் பண்ணி அனுப்புகிறாயா? லாக்புக் என்னிடமே இருக்கட்டும்.

அத்தானுக்கு என் அன்பு. முப்பதாம் தேதி ஜம்மென்று போய் வரட்டும்.

உன் ரேடியோ


ஏப்ரல் 12

தம்பிக்கு,

பேப்பரில் பார்த்திருப்பாய். இருந்தாலும் என் கையால் எழுதுகிறேன்.

முப்பதாம் தேதி பிரேக்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். ஒரு டிவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, நான் பேசியதைப் போட்டுக் காட்டினார்களாம். "பொய்னு தெரிஞ்சேதான் போட்டாரு." இரண்டு தடவை போட்டார்களாம். "உங்க மனைவி சொல்றது சரிதானா கேப்டன்?" என்று கேட்டார்களாம். சரி என்றாராம். அவருக்கு அப்போதும் பொய் சொல்ல வரவில்லை, ஆயுளில் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறார். ஒருமுறை பொய் எழுதிய ஆள் இன்ஜினியரிடம் சொன்னதாகச் சொல்வதை எப்படி நம்புவது என்று இன்ஜினியர் பக்கத்து வக்கீல் கேட்டாராம்.

தவறி ஓட்டினால் ஆறு மாதம் நிறுத்தி வைப்பார்களாம், மறுபடி பயிற்சி கொடுத்துப் பறக்க விடுவார்களாம். அறிக்கையில் பொய் எழுதினால் லைசென்ஸ் ரத்து. ஆயுளுக்கும். இதைச் சொன்னது வக்கீல். "இது எல்லாப் பைலட்டுக்கும் தெரியுமேம்மா, உங்க தம்பி சொல்லலையா?" என்று கேட்டார்.

இவர் என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை. விமானத்தில் டவர் என்ன சொல்கிறதோ அதை அப்படியே திருப்பிச் சொல்வீர்களே, அந்த மாதிரி ஆகிவிட்டார். சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன் என்றால், "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு" என்கிறார். கடைக்குக் கிளம்புகிறேன் என்றால், "கடைக்குக் கிளம்பற" என்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மகளோடு மட்டும் சிரித்துப் பேசுகிறார். நான் உள்ளே போனால் நிறுத்திக்கொள்கிறார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபமாகக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டது யார் என்று என்னைக் கேட்டாயே, என் பதில் அவரை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியுமா?

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

இடிந்துபோனேன். இப்படி ஆகும் என்று யார் கண்டார்கள்?

சத்தியமாகத் தெரியாது. நேரலையில் இருக்கும்போது ஒருவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டா இருப்பான்? பேச்சுவாக்கில் வந்த கேள்வி அது. காதில் தயாரிப்பாளர் கத்திக்கொண்டே இருப்பார், வாய் தன்பாட்டில் ஓடும். நான் பழியை என் தலையில் போட்டுக்கொள்ளத்தான் வந்தேன், நீயே பார்த்தாய்.

அத்தானுக்கு நல்ல வக்கீலாக ஒருவரைச் சொல்லட்டுமா? உடனே பதில் எழுது.

தம்பி


ஏப்ரல் 27

அக்கா,

ஏன் எழுதவில்லை? பத்து நாளுக்கு மேல் ஆகிறது. தினமும் தபால் கட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். ரசிகர்கள் எழுதுகிறார்கள், நீ எழுத மாட்டேன் என்கிறாய். கடைக்கு இரண்டு தடவை போன் பண்ணினேன். "அவங்க மருந்து எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்காங்க" என்று வைத்துவிட்டார்கள்.

சரி, பேச்சுவாக்கில் வந்தது என்று எழுதியது முழுக்கச் சரியில்லை. அந்தக் கேள்வி அட்டையில் இருந்தது. தயாரிப்பாளர் எழுதிக் கொடுப்பார், நாங்கள் படிப்போம். அப்படித்தான் இங்கே நடக்கும். அவருக்கு விமானச் சட்டம் என்ன தெரியும்? எனக்கு அந்த நிமிடம் உறுத்தத்தான் செய்தது. தாண்டிப் போயிருக்கலாம், போகவில்லை. அவ்வளவுதான் என் தப்பு.

நாலு வரி திட்டியாவது எழுது. இப்படிச் சும்மா இருக்காதே.

தம்பி


மே 6

அக்கா,

தோற்றேன். எழுதிவிடுகிறேன், படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

தெரியும். கேட்பதற்கு முன்பே தெரியும். அந்த அட்டையை எழுதியதே நான்தான். பொய் அறிக்கை எழுதினால் லைசென்ஸ் ஆயுளுக்கும் போகும் என்பது எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருவது. எனக்கு இப்போது லைசென்ஸே இல்லை, போவதற்கு ஒன்றும் இல்லை. நீ லாக்புக்கைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதியதும் எனக்கு ஒரே ஒரு நினைப்புதான். அது வேறு யார் கையிலாவது கிடைத்தால் நான் தொலைந்தேன். தினம் எட்டு மணிக்கு ஊரான் தப்பையெல்லாம் சொல்கிறவன் கதை நாறிவிடும். அதனால் முந்திக்கொண்டேன். நீயே கொண்டுவந்து கொடுத்தால் நான் யோக்கியன். கண்ணீர் பொய் இல்லை அக்கா. ஆனால் எந்தக் கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று பார்த்துக்கொண்டுதான் அழுதேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அன்று ஓட்டியது நான் என்பதை அத்தான் ஒன்பது வருடத்தில் ஒருநாளாவது சொல்லிக் காட்டியிருக்கலாம். ஒரு பேச்சில், ஒரு சிரிப்பில். சொல்லவே இல்லை. எப்போது பார்த்தாலும் "சாப்பிட்டியா, வண்டியைப் பாத்து ஓட்டு". அவர் எதிரே உட்கார்ந்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். சொல்லிக் காட்டியிருந்தால் அவரை மன்னித்திருப்பேன். வேலையை விட்டதற்குக்கூட அதுதான் பாதிக் காரணம்.

இப்போது எல்லாம் சொல்லிவிட்டேன். இனியாவது பேசு.

தம்பி


மே 14

தம்பிக்கு,

நான் கோபித்துக்கொண்டு எழுதாமல் இருக்கவில்லை. மெதுவாக ஒரு கேள்வி கேட்டேன், பிறகு வாயை மூடிக்கொண்டேன். மூன்று விநாடி என்று நீ எழுதியிருந்தாய். தபாலில் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகிறது. முதல் கடிதம் ஒப்புக்கு, இரண்டாவது பாதி, மூன்றாவது நிஜம். மந்திரியும் மெக்கானிக்கும் மட்டும் இல்லை, கற்றுக்கொண்டவனும் கவிழ்வான் போலிருக்கிறது.

கிழித்துப் போடவில்லை. ஆறும் பத்திரமாக இருக்கின்றன. வரும் வெள்ளிக்கிழமை எதிர் சேனலுக்குப் போகிறேன். அந்தப் பெண் கடைக்கே வந்து என்னைப் பார்த்தாள். உன் கையெழுத்துதானா என்று சரிபார்க்க ஆள் வேண்டும் என்று முதலில் யோசித்தாள். தாளின் தலையில் உன் முகத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்றுவிட்டாள். மே ஆறாம் தேதிக் கடிதத்தை முழுதாகப் படிக்கப் போகிறாள். மேக்கப் போட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இதனால் அவருக்கு லைசென்ஸ் திரும்பி வராது, எனக்குத் தெரியும். இந்தத் தடவை அவரிடம் சொன்னேன். எல்லாக் கடிதத்தையும் அவர் முன்னால் வைத்தேன். "சொல்லிக் காட்டியிருந்தால் அவரை மன்னித்திருப்பேன்" என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு, "வேண்டாம். அவன் தாங்க மாட்டான்" என்றார். ஒன்றரை மாதத்தில், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் தானாக என்னோடு பேசிய முதல் பேச்சு அது. அதுவும் உனக்காகத்தான் பேசினார். எனக்காக ஒன்றும் இல்லை. அதோடு நான் முடிவு பண்ணிவிட்டேன். போவேன் என்றேன். "போவ" என்றார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு நீயும் நேரலையில் இருப்பாய், பார்க்க முடியாது. உன் காதில் யாராவது சொல்வார்கள். அப்போது எந்தக் கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறதோ, அதைப் பார்.

நீ கேட்ட யூனிஃபார்மைத் தொப்பியோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கை மடிப்பில் ஒரு பட்டன் ஆடிக்கொண்டிருந்தது. தைத்துவிட்டேன்.

அக்கா